செயற்கைக்கோள் இணையம்: மலைக் கிராமங்களுக்குப் பொது இணைப்பே தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாழ்வான சுற்றுப்பாதையில் இயங்கும் செயற்கைக்கோள்கள் வழியாக இணையச் சேவை வழங்க, ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூன் மாதம் மத்திய அரசு உரிமம் அளித்ததிலிருந்து, பேச்செல்லாம் மாதக் கட்டணத்தைப் பற்றியே இருக்கிறது. சேர்வராயன் மலையில் வசிக்கும் எனக்கோ, இந்த இணைப்பு யார் வீட்டுக் கூரையில் ஏறப்போகிறது என்பதே பெரிய கேள்வியாகப் படுகிறது.

ஏற்காட்டை விட்டுச் சற்று உள்ளே போனால் சிக்னல் நிலையாகக் கிடைப்பதில்லை. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் போகும்போது, விற்பனையாளர் கருவியோடு வாசலுக்கு வந்து நிற்கிறார். அரிசி வாங்க வந்த மூதாட்டி வெயிலில் நின்றபடி மறுபடியும் விரலை வைக்கிறார்.

சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள வழக்கமான தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் வழியே ஒரு தகவல் போய்ப் பதில் வர அரை நொடியாவது ஆகும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் அந்தத் தாமதம் மிகக் குறைவு என்பதால், மருத்துவரிடம் காணொளியில் தடங்கலின்றிப் பேச முடியும். ஆனால், ஏறத்தாழ 95 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவிடும் இந்தச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் நம் வானில் சில நிமிடங்களே இருக்குமாதலால், ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஆன்டெனாவுக்கு அகலத் திறந்த வானம் வேண்டும். சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி வளர்ந்த காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு அது ஏது? கிளைகளை வெட்டலாம் என்றால், காப்பிச் செடிக்கு அந்த நிழல் வேண்டும். மரமும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை.

எனவே, வீட்டுக்கு வீடு விற்பனை என்பதற்கு முன்பாக, திறந்த மைதானமுள்ள அரசுப் பள்ளிகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஊராட்சி அலுவலகங்களிலும் பொது ஆன்டெனாக்களை அமைத்து, அங்கிருந்து வைஃபை மூலம் சுற்றுப்புறத்துக்கு இணைப்புத் தர வேண்டும். காற்று மழையில் கிளை விழுந்து மின்சாரம் நின்றுபோகும் ஊர்கள் இவை. ஆகவே சூரிய மின்தகடும் பேட்டரியும் கூடவே வர வேண்டும், இல்லையேல் அவசர நேரத்தில்தான் இணைப்பு அறுந்துபோகும். ஊரகத் தொலைத்தொடர்புக்கென்றே டிஜிட்டல் பாரத் நிதி இருக்கிறது. அதிலிருந்து இதற்கு ஒதுக்குவது முறையானதே.

இதைக் காரணம் காட்டி, ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் அரசின் பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழைப் பணியை மலையில் நிறுத்திவிடவும் கூடாது. ஒரு பகுதிக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் அலைவரிசை அங்குள்ள எல்லோருக்கும் பங்காவதால், பயனாளர் பெருகப் பெருக வேகம் குறையும். சேலம் மாவட்ட நிர்வாகம், மலைக் கிராமங்களில் திறந்த வானமுள்ள அரசுக் கட்டடங்களை இப்போதே கணக்கெடுத்துத் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்ப வேண்டுமெனத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகலூர், ஏற்காடு வட்டம்.