தலை எண்ணும்போது மட்டும் எங்கள் மகள்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு, கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஆகவே இந்த முறை என் வசதிக்குத் தமிழில் எழுதுகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் நீங்கள் படிக்கப்போவதில்லை. தமிழில் எழுதினால், இந்த அமெரிக்காவில் பெண்ணை விளையாட அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம்மூர்ப் பெற்றோர் நான்கு பேராவது படிப்பார்கள்.

அக்டோபர் மாதப் பெற்றோர் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே விளையாடுபவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்தில் பெண்கள் படகு அணிக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தந்தை கேட்டார். "அது சந்தை மதிப்பைப் பொறுத்தது, படகுப் போட்டி வருமானம் தரும் விளையாட்டு இல்லையே" என்றீர்கள். மத்திய அரசின் நிதி வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்னும் டைட்டில் நைன் சட்டத்தை அவர் மெல்ல எடுத்தார். அது இதற்குப் பொருந்தாது என்று வாஷிங்டனே சொல்லிவிட்டதாகச் சிரித்தபடி முடித்துவிட்டீர்கள். அன்று இரவே உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பெண்கள் அணிக்குப் புதுப் படகு வாங்க நன்கொடை வேண்டுமாம். சந்தையில் மதிப்பில்லாதவர்களின் பெற்றோருக்கு வசூலில் மட்டும் நல்ல மதிப்பு இருக்கிறது.

விளையாடுபவர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் கொடுக்க வழிவிட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம், அதற்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று அளித்த ஒப்புதல், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை பகிரலாம் என்ற உச்சவரம்பு, இவையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் விளக்க வரவில்லை. பங்கு பிரிக்கும் வாய்பாடும் ஊரறிந்ததுதான். நூறு டாலரில் 75 அமெரிக்க ஃபுட்பாலுக்கு, 15 ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சம் 5 மற்ற எல்லோருக்கும். உங்கள் பல்கலைக்கழகம் இதைத்தான் பின்பற்றுகிறதா என்று எழுத்தில் கேட்டேன். அதற்குத்தான் அந்த 'நன்றி' வந்தது.

இப்போது ஒரு கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று வத்தக்குழம்பு வைத்திருந்தேன். சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசையக் கை வைத்தவள், 'ஸ்ஸ்' என்று வெடுக்கென இழுத்துக்கொண்டாள். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஸ்பூன் எடுத்துவந்தாள். இருபது வயதாகிறது, வீட்டில் குழம்பு சாதத்தை அவள் ஸ்பூனால் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். துடுப்புப் பிடிக்கிற கையில் கொப்புளம் வரும், உடையும், பிறகு காய்த்துப்போகும். முதல் வருடம் அதைப் பார்த்து அழுதேன். இரண்டாம் வருடம் பிளாஸ்திரி வாங்கி அனுப்பக் கற்றுக்கொண்டேன். இது அந்த வகைப் புண் இல்லை. உடைந்த கொப்புளங்கள் காயவே இல்லை. ஓரமெல்லாம் வெளுத்து, தோல் ஊறி, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த கைபோல இருந்தது. விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள். செப்டம்பரிலிருந்து வாரத்தில் நான்கு இரவுகள் உங்கள் மாணவர் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறாள். கையுறை தருகிறார்கள், ஆனால் அதற்குள்ளும் சோப்புத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து ஆற்றுக்குப் போகிறாள். பகலில் வகுப்பு, மாலையில் எடைப் பயிற்சி. இரவு பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, கைக்கு மருந்து போட்டுவிட்டுப் படிக்க உட்கார்கிறாள். நீங்கள் கொடுக்கும் உதவித்தொகை புத்தகச் செலவைத் தாண்டுவதில்லை.

துடுப்பு வலிக்கிறாள் என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்தச் சொல்லுக்குள் இன்னொரு வலியும் இருப்பதை இத்தனை வயதில் அன்றுதான் கவனித்தேன்.

ஃபுட்பால் அணிக்குத் தனி உணவுக்கூடம் இருக்கிறது. அதனால் அவர்கள் சாப்பிட்ட தட்டுகள் அவளிடம் வருவதில்லை. அந்த அளவில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தவறாக எண்ண வேண்டாம், அந்தப் பையன்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. மண்டையில் அடி வாங்கி விளையாடுகிறார்கள். அவர்களை வைத்துப் பல்லாண்டுகளாகப் பல்கலைக்கழகங்களும் தொலைக்காட்சிகளும் சம்பாதித்தன; அவர்களுக்குச் சம்பளமாக ஒரு காசு தரவில்லை. இப்போது தருவது நியாயம். ஆனால் கொடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியில் ஒரு காலணி நிறுவனம் தன் விளம்பரத்துக்கு யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும். மத்திய அரசின் நிதி வாங்கும் ஒரு பல்கலைக்கழகம் தன் கணக்கிலிருந்து காசோலை எழுதும்போது, அதன் மேல் 1972ஆம் ஆண்டின் அந்த டைட்டில் நைன் சட்டம் இருக்கிறது.

வருமானம் தரும் விளையாட்டுகள் நீங்கலாக என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. யாரும் மறந்துபோய் விட்டுவிடவில்லை. 1974இல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் அப்படி ஒரு விலக்கைச் சேர்க்கப் பார்த்தார். செனட்டில் நிறைவேறியும், அந்தத் திருத்தச் சட்டம் இறுதி வடிவம் பெற்றபோது அதை எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் நீங்கள் சொன்ன அதே வாதம்தான் அது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிப் பார்த்து, தோற்றுப்போன வாதம்.

வாஷிங்டன் சொல்லிவிட்டது என்றீர்களே, அதையும் பார்ப்போம். 2025 ஜனவரியில் கல்வித் துறை ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. இந்தப் பணமும் உதவித்தொகைபோலவே விளையாடும் ஆண், பெண் எண்ணிக்கையின் விகிதத்தில் போக வேண்டும் என்றது. ஆட்சி மாறியது, பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் போனது குறிப்பு மட்டும்தான். சட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. ஹவுஸ் சமரசத்தில் முன்பு விளையாடியவர்களுக்குப் பழைய பாக்கியாக ஒதுக்கிய 280 கோடி டாலரில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆண்களுக்கே போகிறது என்று எட்டுப் பெண்கள் மேல்முறையீட்டுக்குப் போனதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

சந்தை என்கிறீர்கள். கல்லூரிகளுக்கான ஆண்கள் கூடைப்பந்துத் தொடரில் அணிகள் வெல்வதற்கேற்ப 1991 முதல் பணம் வருகிறது. பெண்கள் தொடருக்கு அந்த ஏற்பாடு 2025இல்தான் வந்தது. 2021இல் பெண்கள் தொடர் நடந்த சான் அன்டோனியோவில் அவர்கள் அணிகளுக்கு ஒரே ஒரு சின்ன எடை அடுக்கை வைத்துவிட்டு, உடற்பயிற்சிக்கூடம் என்றார்கள். ஒரு வீராங்கனை அதைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான் மற்றவை வந்து இறங்கின. அப்படியிருந்தும் 2024இல் பெண்கள் இறுதிப் போட்டியைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆண்கள் போட்டியை 1.48 கோடிப் பேர். முப்பது வருடம் கடையைத் திறக்கவே விடாமல் இருந்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று கணக்குக் காட்டுவது என்ன நியாயம்?

படகுப் போட்டியை அத்தனை பேர் பார்க்கப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மகளை அந்தப் படகில் ஏற்றியது நீங்கள்தான். அவள் பள்ளியில் வாலிபால் ஆடினாள், துடுப்பைத் தொட்டதே இல்லை. உயரத்தைப் பார்த்து உங்கள் பயிற்சியாளர் முதல் வாரமே தேடி வந்தார். ஏன் வந்தார் என்று இப்போது புரிகிறது. ஃபுட்பால் அணி ஒன்றிலேயே நூறு ஆண்களுக்கு மேல் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பெண்கள் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும். அதற்குப் படகு அணியைப்போல வசதியானது வேறில்லை. புதிய ஏற்பாட்டில் ஃபுட்பாலுக்கு வரம்பு 105 பேர், பெண்கள் படகுக்கு 68. ஆண்டறிக்கையில் தலை எண்ணும்போது என் மகள் வேண்டும். பணம் எண்ணும்போது அவள் சந்தையில் இல்லை.

இவளைப் போன்றவர்களுக்கு முன்னால் 1976இல் யேல் பல்கலைக்கழகத்தின் படகுப் பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை நனைந்த உடையோடு குளிரில் பஸ்ஸில் காத்திருந்தவர்கள். அதிகாரி அறைக்குள் போய் மேலாடையை அவிழ்த்து நின்றார்கள். உடம்பில் டைட்டில் நைன் என்று எழுதியிருந்தது. அவர்கள் கேட்டது குளிக்க வெந்நீர். நாங்கள் கேட்பது அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

பணம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2023இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளரை வேலையை விட்டுப் போகச் சொல்வதற்கே 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு சந்தை மதிப்பு உண்டென்று தெரிந்திருந்தால் மகளைத் துடுப்பு பிடிக்கவே விட்டிருக்க மாட்டேன். இதற்கு நடுவில் ஆண்கள் நீச்சல், டென்னிஸ் அணிகளைக் கலைத்துவிட்டுப் பழியை டைட்டில் நைன் மேல் போடும் பல்கலைக்கழகங்கள் வேறு! இவளது கட்டண ரசீதிலோ ஒவ்வொரு பருவமும் 'விளையாட்டுக் கட்டணம்' என்று தனி வரி இருக்கிறது. பாத்திரம் கழுவிய காசில் ஒரு பகுதி உங்கள் துறைக்கே திரும்பி வருகிறது. அங்கிருந்து அது யாருக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். இந்த ஆண்டு பகிரப்படும் பணம் எந்த அணிக்கு எவ்வளவு என்ற கணக்கை வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம், அணிவாரியாக இருந்தால் போதும். அந்தப் பணத்தை உதவித்தொகையைப்போலவே நடத்தி, உங்கள் அறிக்கையில் நீங்களே எண்ணிக் காட்டியிருக்கும் பெண்களின் விகிதத்தில் பெண்களுக்குக் கொடுங்கள். தலை எண்ணிய அதே விரல்களால் பணத்தையும் எண்ணுங்கள்.

அடுத்த பருவத்தின் கட்டண ரசீது வருவதற்கு முன் ஒரு பதில் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன். ஆங்கிலத்திலேயே எழுதலாம், எனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் 68 பேரில் ஒருத்தியின் அம்மா