உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் நற்பண்பு குறைந்துவிட்டது, நீதிபோதனை வகுப்பைக் கூட்ட வேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு பாடவேளை கூடினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இல்லை.

இதை அமெரிக்காவில் 1920களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தேர்வுகளும் விளையாட்டுகளும் வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஏமாற்ற வழி இருந்தது. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னோரிடத்தில் ஏமாற்றியது. எது சரி, எது தப்பு என்று தெரிந்திருந்ததற்கும் நேர்மையாக நடந்துகொண்டதற்கும் பெரிய தொடர்பு இல்லை. 1928 முதல் 1930 வரை வெளிவந்த முடிவுகள் இவை. நாம் இன்னும் நீதிக்கதையை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறையில் அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் இரண்டு பேர். "செய்யவில்லை, மிஸ்" என்று ஒருவன் ஒத்துக்கொள்கிறான்; எல்லார் முன்னாலும் திட்டு விழுகிறது. "நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன்" என்கிறான் இன்னொருவன். "சரி, நாளைக்குக் கொண்டு வா" என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்ற பாடம் அங்கே நடந்து முடிந்துவிட்டது.

ஒத்துக்கொண்டவனை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த வீட்டுப்பாடத்தை அன்றைக்கே அவன் செய்து முடிக்கட்டும். ஆனால் அவமானப்படுத்த வேண்டாம். உண்மையைச் சொன்னதற்காக ஒரு நல்ல வார்த்தை, அதுவும் எல்லார் காதிலும் விழும்படி. நட்சத்திரம், சான்றிதழ் எல்லாம் அவசியமில்லை. வரைவதில் ஆசையுள்ள சிறு பிள்ளைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பிறகு அந்த ஆசை குறைந்துபோனதை 1973இல் ஓர் ஆய்வு காட்டியது.

பெற்றோரும் இதில் சேர்த்திதான். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, காய்ச்சல் என்று விடுப்புக் கடிதத்தைப் பிள்ளை கையாலேயே எழுதவைத்து, கீழே நாம் கையெழுத்துப் போடுகிறோம். ஆசிரியருக்கும் தெரியும், பேசாமல் வாங்கிக்கொள்கிறார். அப்புறம் அதே பிள்ளை தேர்வில் பார்த்து எழுதினால் நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது!

தலைமையாசிரியர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், தப்பை ஒத்துக்கொள்ளும் பிள்ளையை நம் பள்ளியில் எப்படி நடத்துகிறோம் என்பதை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி