கோடிங் வராதவர்களின் புகலிடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உயர்கல்வி வழிகாட்டியில் நிரலாக்கம், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். "கோடிங் வராதவர்கள் கம்ப்யூட்டர் சப்போர்ட் படிப்புகளில் சேரலாம். எந்தக் கல்லூரியில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை." கணினிப் பழுது பார்த்து உதவும் இந்த ஹெல்ப்டெஸ்க் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். முதல் வாக்கியத்தைக்கூட விட்டுவிடலாம், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஏச்சுதான். இரண்டாவதை எழுதியவர் ஒரே ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தையாவது பிரித்துப் பார்த்திருப்பாரா?

என் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது மதிப்பெண் பட்டியலைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் நெட்வொர்க் வராத ஒரு கணினியின் முன்னால் உட்காரவைத்துவிடுவேன். அதன் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கும். கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததல்ல. அண்மையில் வந்த ஒரு பட்டதாரி நெட்வொர்க் இயங்கும் விதத்தை அடுக்கடுக்காக விளக்கும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பித்தார். மேசைக்கு அடியில் இருந்த சின்ன நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (கணினிகளை இணைக்கும் பெட்டி) சுவருக்குப் போகும் கேபிளை நான் கழற்றி வைத்திருந்தேன். கடைசிவரை அவர் குனிந்து பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கல்லூரியில் லேப் என்றால் ஆசிரியர் ப்ரொஜெக்டரில் செய்துகாட்டுவதை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதுதானாம். அடுத்து வந்த பெண் இரண்டாண்டு டிப்ளமாதான். கணினியைத் தொடுவதற்கு முன்பே, "எப்போதிலிருந்து சார் இப்படி இருக்கிறது? கடைசியாக ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டார். அவரைத்தான் எடுத்துக்கொண்டோம். பெரிய வித்தியாசம் இல்லைதான்.

பாடத்திட்டம் என்றேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் அதே கதி. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவரின் பாடநூலில் இன்னும் விண்டோஸ் 7 படங்கள்தான் இருக்கின்றன. நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கை உருவாக்குவது, லாக் ஆன கணக்கைத் திறப்பது, ஒரு வேலையை ஐம்பது கணினிகளில் செய்ய விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் நாலு வரி எழுதுவது (ஆமாம், கோடிங்தான்), செய்த வேலையை அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்குப் புரியும்படி டிக்கெட்டில் (புகார்ப் பதிவில்) பதிவது, இவையெல்லாம் அந்தப் புத்தகத்தில் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்கப்படுவது இவைதான்.

அப்புறம் உங்கள் விளம்பரங்கள். அதே பெட்டிச் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கல்லூரி "வாழ்நாள் ஏ பிளஸ் சான்றிதழ்" தருவதாக முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. தற்செயல் என்றே நம்புகிறேன். காம்ப்டியா என்ற தொழில்நுட்பச் சான்றிதழ் அமைப்பின் ஏ பிளஸ், கல்லூரி தூக்கிக் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. தனியாக இரண்டு தேர்வுகள் எழுதித் தேற வேண்டும். வாழ்நாள் செல்லுபடி என்பது 2011-க்கு முன்பு தேறியவர்களோடு முடிந்துபோனது. இப்போது மூன்றாண்டுகள்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் கல்லூரிக் கட்டணத்தில் அடங்குமா, பாடம் தேர்வின் இப்போதைய பதிப்புக்கு ஏற்றதா என்று பெற்றோர் கேட்க வேண்டும். கேட்கச் சொல்ல வேண்டிய வழிகாட்டி எதிர்ப்பக்கத்தில் விளம்பரம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

எழுத ஆரம்பித்தபின் பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. உங்கள் அட்டைப்படத்திலும் நீலத் திரைதான். உள்ளே நிபுணர்கள், ஆய்வாளர்கள், நிறுவனத் தலைவர்கள் எல்லோரும் பேசியிருந்தார்கள். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்) திறந்து, பழுதான அந்த ஒரு கோப்பை அழித்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடிப் பிடித்துத் தட்டச்சு செய்து எழுப்பியது யார்? ஹெல்ப்டெஸ்க் ஆட்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்" என்று சொல்லும் ஆளைக் கேலி செய்த சிரிப்புப் படத்துக்கு மட்டும் அந்த இதழில் இடம் இருந்தது.

உங்கள் கணினிக் கேள்வி-பதில் பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கேட்ட வாசகருக்கு ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைத் துப்புரவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்) போடச் சொன்னீர்கள். அப்படிப்பட்ட மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. டிஸ்க்கில் இடமும் அதனால் பெரிதாகக் கிடைக்காது. அந்த ஆலோசனையைக் கேட்டுக் கெட்ட கணினிகள் எந்த மேசைக்கு வந்து சேரும் என்பது நீங்கள் அறியாததா?

சரி, என் வேண்டுகோள் சிறியதுதான். அடுத்த வழிகாட்டியில் கல்லூரிகளின் அட்டவணை போடும்போது, கட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் சேருங்கள்: மாணவர் தன் கையால் வேலை செய்யும் லேப் நேரம் வாரத்துக்கு எவ்வளவு, பாடத்திட்டம் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு எது. கல்லூரிகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்ல மறுக்கும் கல்லூரிக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டால் போதும், பெற்றோர் புரிந்துகொள்வார்கள்.

இடமில்லை என்றால் இந்த வேண்டுகோளையாவது வெளியிடுங்கள். முன்பு நான் எழுதிய கடிதத்தில் "இதழ் சிறப்பாக இருக்கிறது" என்ற வரியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடைக்காது.

இப்படிக்கு,
ஹெல்ப்டெஸ்க் மேற்பார்வையாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)