பலகை நட்ட பிறகு என்ன?

ஆசிரியருக்கு,

2025 செப்ரெம்பர் மழையில் யாழ்ப்பாணத்து நல்லூரில் மந்திரிமனை என்ற பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோது எல்லோருக்கும் கோபம் வந்தது. தொல்லியல் திணைக்களத்தைத் திட்டினோம். முகநூலில் கொஞ்ச நாள் சூடு பறந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. அது ஏற்கனவே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரச வர்த்தமானியில் வந்த கட்டடம் என்பது அந்தச் சூட்டில் பலருக்கு உறைக்கவில்லை. காணியோ தனியாருடையது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் "இடிக்காதே" என்று சொல்லும். ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றித் தராது.

பழைய கட்டடங்களை உண்மையாகவே காப்பாற்றிய அமைப்புகள் எல்லாம் "பாதுகாக்கப்பட்ட சின்னம்" என்று பலகை நட்டதோடு நிற்கவில்லை. காசுக்கும் உரிமைக்கும் வழி தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரத்தில் 1950களின் கடைசியில் ஒரு சுழல்நிதி தொடங்கினார்கள். இடியப்போகும் வீட்டை வாங்குவது, முக்கியமானதைத் திருத்துவது, முகப்பை மாற்றக்கூடாது என்று காணி உறுதியிலேயே நிபந்தனை எழுதி விற்பது, வந்த காசில் அடுத்த வீட்டை வாங்குவது. இங்கிலாந்தின் லாண்ட்மார்க் டிரஸ்ட் கட்டடங்களைத் திருத்தி, விடுமுறைக்குத் தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. பராமரிப்புக்கு அந்த வாடகை உதவுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரியில் தமிழர் வாழும் வைசியாள் வீதியில் இன்டாக் என்ற மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பு செய்த வேலையைப் பாருங்கள். திண்ணையும் மரத்தூண்களும் உள்ள வீட்டு முகப்புகளைத் திருத்தும் செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மற்றப் பங்கை வீட்டுக்காரர் போட்டார். தன் காசும் போன பிறகு எந்த வீட்டுக்காரர் அந்தத் தூணை வெட்ட விடுவார்? 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணக் கோட்டையின் திருத்த வேலைக்கு நெதர்லாந்து காசு தந்தது. சங்கிலியன் தோரண வாசலுக்கு யாழ்ப்பாண மரபுரிமை மையம் முன்நின்றது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் இருக்கும், நடுவில் முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமான நாற்சார் வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒன்று இருக்கிறது. நடு முற்றத்தில் மழைத்தண்ணீர் வடியும் பீலி அடைத்து, அதில் அரசங்கன்று ஒன்று முழங்கையளவுக்கு வளர்ந்துவிட்டது. மாரி வந்தால் தண்ணீர் பீலியால் போகாமல் சுவருக்குள் இறங்குகிறது. கூரையைத் தாங்கும் பனை வளைகளில் இரண்டு ஏற்கனவே உளுத்துவிட்டன. கன்றைப் பிடுங்கிப் பீலியைத் துப்புரவாக்க ஒரு ஆளுக்கு அரைநாள் வேலை. ஆனால் யாரைக் கேட்டுச் செய்வது? பங்காளிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலுமாக இருக்கிறார்கள். ஒருவர் விற்க நினைத்தாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதலில் மற்றப் பங்காளிகளைக் கேட்க வேண்டும். கடைசியில் யாரும் எதுவும் செய்வதில்லை, அந்த அரசங்கன்று மட்டும் வளர்கிறது.

ஆகவே எங்களுக்கு முதலில் வேண்டியது கட்டடக் கலைஞர் அல்ல. ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதத் தெரிந்த ஒரு நொத்தாரிசும், பங்காளிகளுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசப் பொறுமையுள்ள ஒருவரும்தான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பல வீடுகளுக்கு வேலை அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திருத்துகிறோம் என்று கெடுப்பது இன்னொரு கதை. எங்கள் பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அவை ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, சில வருடங்களில் பூச்சு கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். மேசன்மாரைக் குறை சொல்லிப் பயனில்லை, சுண்ணாம்பு வேலையை அவர்களுக்கு யார் பழக்கினார்கள்? கோயில் திருப்பணிகளும் அப்படித்தான். பக்தியோடு கொங்கிறீற் போட்டு, நூறு வருடத்து மண்டபங்களை நாங்களே இல்லாமல் ஆக்கியிருக்கிறோம். 1877இல் வில்லியம் மொறிஸ் இலண்டனில் பழைய கட்டடங்களுக்கான சங்கத்தைத் தொடங்கியதும் இதே மாதிரித் தேவாலயத் "திருப்பணி"களைத் தடுக்கத்தான். புதுப்பிக்காதே, நாளாந்தம் கவனித்துக்கொள் என்பதே அந்தச் சங்கத்தின் வழி.

தங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். கிழமைக்கு ஒரு வீடு அல்லது ஒரு மடம் என்று, படத்தையும் ஒழுங்கையின் பெயரையும் போடுங்கள். உரிமையாளர் பெயர் வேண்டாம். இணையத்தில் பத்திரிகை பார்க்கும் வெளிநாட்டுப் பங்காளிகளின் கண்ணில் அது படும். பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்கள் படமும் அளவும் எடுத்துத் தந்தால் ஒரு பட்டியலே உருவாகிவிடும். கொக்குவில் வீட்டின் படத்தை நான் அனுப்புகிறேன்.

வாசகர்,
கொக்குவில்.