62 மி.மீ. பிஸ்டனா, 65 மி.மீ. பிஸ்டனா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் உழைத்த பைக்கை விற்றுவிடாமல், பெரிய போர் கிட் (அகன்ற சிலிண்டரும் அதற்கேற்ற பிஸ்டனும் கொண்ட தொகுப்பு) போட்டு இன்னும் ஓட்டுவதென்று நீ முடிவெடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிஸ்டன் 62 மி.மீ.யா, 65 மி.மீ.யா என்று கேட்டிருக்கிறாய். தயங்காமல் 62 என்றே சொல்வேன்.

உன் எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 57 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 58.7 மி.மீ.; ஆகக் கொள்ளளவு 149.8 சி.சி. ஆகிறது. கொள்ளளவு போரின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், 5 மி.மீ. கூட்டினாலே 177 சி.சி. வந்துவிடும், 65 போட்டால் 195. அந்தக் கூடுதல் 18 சி.சி. ஆசை காட்டத்தான் செய்யும். ஆனால் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) வாயை அகலப்படுத்தாமல் பொருத்தும் கிட்டில், சிலிண்டரின் உட்குழாயான லைனரின் வெளி அளவை மாற்ற முடியாது. ஆகவே போர் 3 மி.மீ. கூடினால் லைனரின் சுவர் எல்லாப் பக்கமும் ஒன்றரை மி.மீ. மெலிந்துபோகும். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் பிசகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சுவரோடு சரியாக ஒட்டாது. எண்ணெய் மேலே ஏறிப் புகையும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய வண்டிக்குக் கிடைத்ததிலேயே பெரிய கிட்டை வாங்கிப் போட்டேன். இரண்டு மாதம் வண்டி பறந்தது. ஒரு நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் திடீரென இறுகிப் பின்சக்கரம் தரையில் தேய்ந்து நின்றது. சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகிலும் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள். மேல் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது. காற்றில் குளிரும் எஞ்சினுக்குச் சூடுதான் முதல் எதிரி என்பதை அன்றைக்கு என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன்.

கம்ப்ரஷனையும், அதாவது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதையும், கணக்கில் எடுத்துக்கொள். இப்போது 9.5:1 என்றால், எரியறையில் ஏறக்குறைய 17.6 சி.சி. இடம் இருக்கிறது. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைத் தொடாமல், தலை தட்டையான பிஸ்டனை வைத்தால், 62இல் 11:1ஐயும், 65இல் 12:1ஐயும் எட்டிவிடும். பன்னிரண்டுக்குப் போனால் சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தம், வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிஸ்டனின் தலை அடிவாங்குகிறது என்று வைத்துக்கொள். 62இலும் தலையில் குழிவு உள்ள பிஸ்டனைக் கேட்டு வாங்கினால் பத்தரைக்குள் நிறுத்திவிடலாம். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் உறுதியானதுதான், ஆனால் வார்ப்புப் பிஸ்டனைவிடச் சூட்டில் அதிகம் விரியும். ஆகவே சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கிட் தயாரித்தவர் சொல்லும் இடைவெளியை அப்படியே விட வேண்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நல்ல வார்ப்புப் பிஸ்டனே போதும் என்பது என் எண்ணம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்காமல் ஓட்டாதே. பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் சூடு இன்னும் ஏறும். கிளட்ச் ஸ்பிரிங்கையும் கடினமானதாக மாற்றிவிடு, இல்லாவிட்டால் கூடிய இழுவையில் தட்டுகள் வழுக்கும்.

பொருத்துவதற்கு முன் ரிங்கை மட்டும் தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகக் கீழே தள்ளி, அதன் முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார். 62 மி.மீ. போருக்கு ஏறக்குறைய 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் முனையைத் தேய்க்கலாம். அவசரப்பட்டு அப்படியே போட்டுவிட்டால், சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியும். முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு எஞ்சினை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட விடாமல், ஏற்றி இறக்கி ஓட்டி, ஆயிலையும் சீக்கிரமே ஒருமுறை மாற்றிவிடு.

கிட் கைக்கு வந்ததும் லைனரின் கீழ்ப்பகுதிச் சுவரைக் காலிப்பரால் அளந்து, அந்த அளவை எனக்கு எழுது. அதைப் பார்த்த பிறகு பிளாக்கைக் கழற்றலாம். நானும் உடன் வந்து நிற்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்