சித்தியின் நோயும் உன் எடையும்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். "சித்தி உடம்பு கனமாக இருந்ததால்தான் கான்சர் வந்ததா? அப்படியானால் நானும்தானே?" என்றாய். ஒரு வரியில் சொன்னால் ஒன்று நீ பயந்துபோவாய், இல்லை சித்தியின் மேல் பழி போடுவாய். இரண்டும் வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் உயிர்வேதியியல் பாடம் எடுத்தவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது. பொறுத்துக்கொள்.

நான் படித்த காலத்தில் கொழுப்புத் திசுவுக்குப் பாடப்புத்தகத்தில் ஒதுக்கிய இடம் ரொம்பக் கொஞ்சம். மிஞ்சிய சக்தியைச் சேமிக்கும், குளிரிலிருந்து காக்கும், அவ்வளவுதான். அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் கண்டுபிடித்த கதை எலிகளிடமிருந்து தொடங்குகிறது. 1949-இல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாமல் தின்று பெருத்துப்போகும் எலிகள் சில பிறந்தன. பின்னால் அதே இடத்தில் இன்னொரு வகைக் குண்டு எலியும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்பவர் எலிகளை இரண்டிரண்டாக அறுவை செய்து இணைத்தார், ஒன்றின் ரத்தம் மற்றதற்குள்ளும் ஓடும்படி. முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு சேர்த்தபோது குண்டு எலி தீனியைக் குறைத்து மெலிந்தது. இரண்டாம் வகையைச் சேர்த்தபோது நடந்தது விசித்திரம். குண்டு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியால் செத்துப்போனது.

கோல்மன் இதிலிருந்து சரியாக ஊகித்தார். 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலிக்கு அதைச் சுரக்கத் தெரியவில்லை. இரண்டாம் வகை எலி ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது எட்டவில்லை. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதை 1994-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. லெப்டின் என்ற ஹார்மோன். அதைச் சுரப்பது கொழுப்பு செல்லேதான்.

மூன்று வருஷம் கழித்து, கேம்பிரிட்ஜில் இருந்த மருத்துவர்கள் பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தீராத பசி, நடக்கவே சிரமப்படும் எடை. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் பசி அடங்கி எடை இறங்கியது. அதுவரை அந்த வீட்டுப் பெரியவர்களைப் பார்ப்பவர்களெல்லாம் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று பாடம் எடுக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

எடை கூடிய எல்லோருக்கும் ஊசி போட்டால் தீர்ந்தது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். நடக்கவில்லை. உன்னைப் போல, என்னைப் போல எடை போட்டவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, நிறையவே இருக்கிறது. கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடுகிறது. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவனுக்கு ரயில் போவது காதில் விழாதே, அந்த மாதிரி மூளை அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

இங்கேதான் கான்சர் வருகிறது. மூளை கவனிக்காத லெப்டினை மற்ற செல்கள் கவனிக்கின்றன. மார்பகம், பெருங்குடல் போன்ற இடங்களில் வரும் பல கட்டிகளின் செல்களில் லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பசியை அடக்கும் அதே ஹார்மோன் ஆய்வகத்தில் அந்த செல்களைப் பிரிந்து பெருகத் தூண்டுகிறது, புது ரத்தக்குழாய் வளரவும் துணைபோகிறது. இன்னொரு பக்கம் அடிபோனெக்டின் என்று ஒன்று. அதையும் கொழுப்பு செல்தான் சுரக்கிறது. ரத்தத்தில் லெப்டினைவிட ஆயிரம் மடங்கு கணக்கில் அதிகமாக இருப்பது இது. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவும், அழற்சியை, அதாவது காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடம்பு கிளப்பும் எரிச்சலை, தணிக்கும், செல் பெருக்கத்தையும் கட்டுக்குள் வைக்கும். ஆனால் கொழுப்பு ஏற ஏற இது இறங்குகிறது. அடிபோனெக்டின் இறங்கினால் இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணிவதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினை ஊற்றுகிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஹார்மோன் என்று நினைக்காதே. 'வளர்' என்று செல்களுக்குச் சொல்வதும் அதன் வேலைதான்.

இதோடு அழற்சியும் சேர்கிறது. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்பு செல்கள் சில செத்துப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. வந்தவை போவதில்லை. காய்ச்சலாகவோ வலியாகவோ வெளியே தெரியாத ஒரு அழற்சி வருஷக்கணக்கில் நீடிக்கிறது.

சரி, சித்திக்கு வருவோம். அவளுக்கு வந்தது கருப்பையின் உட்சுவரில், மாதவிடாய் நின்ற பிறகு. அந்த வயதில் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனால் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. பெண்களின் ரத்தத்திலும் கொஞ்சம் ஓடும் ஆண் ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். கொழுப்பு கூடுதலாக இருந்தால் ஈஸ்ட்ரோஜனும் கூடுதல். அதை மட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனோ அந்த வயதில் இருப்பதில்லை. கருப்பையின் உட்சுவர் தடையில்லாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. உடல் எடையோடு இவ்வளவு நெருக்கமான தொடர்புள்ள புற்றுநோய் வேறு இல்லை. மிகப் பருமனான பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு சாதாரண எடை உள்ளவர்களைப்போல 7 மடங்கு.

7 மடங்கு என்றதும் முடிவுகட்டிவிடாதே. பருமனான பெண்களில் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை, ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு அது. சித்தி ஒருத்திக்கு ஏன் வந்தது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நீயும் சொல்லாதே.

உன் விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உடல் பருமனோடு தொடர்புள்ளவை என்று 13 புற்றுநோய்களைச் சொன்னது. ஆண்களுக்குப் பொருந்துபவை பெருங்குடல், கல்லீரல், சிறுநீரகம், கணையம், உணவுக்குழாயில் ஒரு வகை, இப்படி. எல்லாம் ஒரே அளவு இல்லை. பெருங்குடலுக்கு வாய்ப்பு ஏறுவது சுமார் 1.3 மடங்கு, சிறுநீரகத்துக்கு 1.8. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் எண்கள் இல்லை இவை. ஒதுக்கித் தள்ளுகிற எண்களும் இல்லை.

அப்புறம் நீ கேட்ட எண்ணெய், மீன் எண்ணெய் மாத்திரை. இதில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நெய், பாமாயில் போன்றவற்றில் இருக்கும் பால்மிடிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு எலிகளில் கான்சர் பரவுவதை வேகப்படுத்தியதாக 2017-இல் பார்சிலோனாவிலிருந்து ஒரு நல்ல ஆய்வு வந்தது. மனிதர்களின் வாய்ப் புற்றுநோய் செல்களை எலிக்குள் வைத்துச் செய்தது. கொழுப்பு அமிலத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதத்தைத் தடுத்ததும் பரவல் ஏறக்குறைய நின்றது. மருந்து தேடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். உன் சாப்பாட்டுத் தட்டுக்கு அதிலிருந்து நேராக உத்தரவு எடுக்க முடியாது.

தாவர எண்ணெய்களில் இருக்கும் ஒமேகா 6 கொழுப்பு விஷம் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதன் தர்க்கம் காகிதத்தில் அழகாக இருக்கும். ஒமேகா 6-இல் முக்கியமான லினோலெயிக் அமிலம் உடம்புக்குள் அராகிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமாகும், அது அழற்சியைத் தூண்டும் பொருள்களாகும், ஆகவே கெடுதல். ஆனால் மனிதர்களுக்கு லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தால் ரத்தத்தில் அராகிடோனிக் அமிலம் பெரிதாக ஏறுவதில்லை, அழற்சியின் அறிகுறிகளும் ஏறுவதில்லை. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3-க்கும் இதே கதிதான், எதிர்த்திசையில்: நல்லது என்பார்கள், சோதித்தால் தெரிவதில்லை. அமெரிக்காவில் 25,871 பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். புற்றுநோய் வருவது குறையவில்லை. மாத்திரை வாங்காதே. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய் பக்கம் போவது இதயத்துக்கு நல்லது. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பை அறவே விடுவது அதைவிட நல்லது. கான்சரைப் பொறுத்தவரை, எந்த எண்ணெய் என்பதைவிட உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எங்கே, எத்தனை வருஷமாகச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

எடை குறைக்க இரண்டு முறை முயன்று மறுபடி ஏறிவிட்டதென்று வெட்கப்பட்டாய். அதற்கும் காரணம் இருக்கிறது. எடை இறங்கும்போது கொழுப்பு செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. ஸ்டாக்ஹோமில் 2008-இல் இதைக் காட்டினார்கள். அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து அந்த செல்களின் வயதைக் கணித்தார்கள் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு. சுருங்கிய செல் லெப்டினைக் குறைத்துக்கொள்ளும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கிளப்பும். உயர்ந்தபோது கேட்காத மூளைக்கு இறங்கும்போது மட்டும் நன்றாகக் கேட்கிறது! உன்னிடம் மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு.

முயற்சி வீண் என்று அர்த்தமில்லை. எடை குறைக்கும் அறுவை செய்துகொண்ட 5,053 பேரையும் செய்யாத 25,265 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. பத்து வருஷத்தில் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய் முதல் கூட்டத்தில் 2.9 சதவீதம், இரண்டாவதில் 4.9. உனக்கு அறுவை தேவையில்லை. குறைந்தால் பலன் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இப்போதைக்கு எடை மெஷினை விட்டுவிட்டு ஒரு டேப்பை எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபின் அள. வயிற்றை எக்காதே. உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பற்றி எடையைவிட அது சரியாகச் சொல்லும்.

சித்திக்குப் போன் பண்ணு. சிகிச்சை எப்படிப் போகிறது என்று கேள், பழைய கதையெல்லாம் பேசு. அவள் உடம்பைப் பற்றி நீயாக எதுவும் ஆரம்பிக்காதே. ஏற்கனவே நிறையப் பேர் பேசிவிட்டார்கள்.

அன்புடன்,
அம்மா