பொறுமை இருந்தால் வைஃபை வருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளைப் பற்றி வந்த கட்டுரை, "பெற்றோருக்குத் தேவையானது பொறுமை ஒன்றே" என்று முடிகிறது. நல்லது. பாதி வகுப்பில் படம் உறைந்துபோய், "மிஸ், கேக்கலை மிஸ்" என்று பிள்ளை கத்தும்போது அந்தப் பொறுமையை எந்த ஓட்டையில் சொருகுவது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஒரு பள்ளியின் கணினிப் பிரிவைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்தில் தீர்பவை. பார்க்க நன்றாக இல்லை என்று, வைஃபை தரும் பெட்டியான ரௌட்டரை அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைத்திருப்பார்கள். அதை வெளியே எடுத்து, வீட்டின் நடுவாக, மேசைக்கு மேலான உயரத்தில் வைத்தாலே பாதித் தொல்லை போய்விடும். பெரும்பாலான ரௌட்டர்களில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும். ஆனால் பக்கத்து வீட்டு ரௌட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் நெரிசலிடுவதும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் குறுக்கிட்டால் சோர்ந்துவிடும். பிள்ளை ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் 5, தள்ளி உட்கார்ந்தால் 2.4. அவ்வளவுதான் சங்கதி.

இதைத் தங்கள் தொழில்நுட்பப் பக்கம் என்றைக்காவது சொன்னதா? "இணையம் மெதுவாக இருந்தால் வேகமான திட்டத்துக்கு மாறுங்கள்" என்றுதான் எழுதியது. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது டவுன்லோடு வேகம். பிள்ளையின் குரலும் முகமும் ஆசிரியருக்குப் போய்ச் சேருவது அப்லோடு வேகத்தில். அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே!

டேட்டா கணக்கும் அப்படித்தான். படத்தோடு வகுப்பு நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி டேட்டா தீரும். குரல் மட்டும், நொடிக்கு 80 கிலோபிட் வீதம் என்றால் அதே ஒரு மணிக்கு 36 எம்பி. பிள்ளையின் கேமராவை அணைத்துவிட்டு டேட்டா மிச்சம் என்று நினைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அதையும் நிறுத்த ஜூமிலும் கூகுள் மீட்டிலும் வழி இருக்கிறது. கரும்பலகைப் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் பாடமும் விட்டுப்போகாது.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். வீட்டுப்பாடத்தை ஒப்படைக்கும் தளமான கூகுள் கிளாஸ்ரூமில் படத்தை ஏற்றினால் மட்டும் போதாது, 'டர்ன் இன்' பொத்தானையும் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கோப்பு பிள்ளையின் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். கெடு தாண்டியதும் ஆசிரியரின் பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று விழும். பிள்ளை "அனுப்பிட்டேன்" என்று சத்தியம் செய்யும், ஆசிரியர் "வரவில்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை; திட்டு மட்டும் பிள்ளைக்கு. கிளாஸ்ரூமில் பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் வசதியும் உண்டு; அதைப் பள்ளி திறந்து, ஆசிரியர் பெற்றோருக்கு அழைப்பு அனுப்பினால், விட்டுப்போன பணிகளின் பட்டியல் தினமோ வாரமோ பெற்றோரின் மின்னஞ்சலுக்கே வந்துவிடும். கேட்பவர்தான் இல்லை.

வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தைச் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். பென்சில் எழுத்து சாம்பலாகிவிடும். 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்து எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பிளாஷ் வேண்டாம்.

ஒரே அறையில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு வகுப்பில் இருந்தால் ஸ்பீக்கர் சத்தம் அடுத்தவர் மைக்கில் புகும். ஆளுக்கொரு வயர் ஹெட்செட் போதும். வகுப்பின்போதே சார்ஜ் போட்டால் போன் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடலாம்.

'திரையும் குழந்தையும்' என்று தாங்கள் வெளியிட்ட இலவச இணைப்பையும் மறக்கவில்லை. கண் கெட்டுவிடும் என்று எட்டுப் பக்கம் பயமுறுத்தினீர்கள். ஒன்பதாம் பக்கம் முழுக்க டேப்லெட் விளம்பரம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருப்பதை 20 நொடி பார்க்கவேண்டும் என்ற ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 130 கோடிப் பேருக்கு வீட்டில் இணையமே இல்லை என்று 2020 டிசம்பரில் யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சொன்னது தாங்கள் அறியாததல்ல. அந்த வீடுகளுக்கும் பொறுமைதானா? இணையம் கிடைக்கும் இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை பாடங்களை இறக்கி, டிரைவில் 'ஆஃப்லைன்' என்று குறித்துவைத்தால் பிறகு இணையம் இல்லாமலே திறக்கும். இதையாவது எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். பயிற்சித்தாளுக்கான க்யூஆர் கட்டத்தை நடுப்பக்க மடிப்பின் மேலேயே அச்சிடுகிறீர்கள். பின் குத்திய இடத்தில் எந்தப் போனும் அதைப் படிப்பதில்லை. தயவுசெய்து ஓரமாக நகர்த்துங்கள். இடம் போதாதென்றால் பொறுமை பற்றிய கட்டுரையில் நான்கு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினிப் பிரிவிலிருந்து ஒரு வாசகன்